தூங்கும் எலிகளுக்கு ஒரு வெற்றி விழா

மூலிகை ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு கட்டிடங்கள் இருந்தன. முன் கட்டிடத்தில் ஆராய்ச்சியைப் பற்றிக் கூட்டம் போடுவார்கள். பின் கட்டிடத்தில் ஆராய்ச்சி நடக்கும். முன் கட்டிடத்தில் ஏகப்பட்ட பேர். பின் கட்டிடத்தில் ஒருத்தி. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஒருத்திக்கு முன் கட்டிடத்தார் வைத்த பெயர் எலிக்காரம்மா. மருந்தியலில் முனைவர் பட்டம் வாங்கியவள்தான். ஆனால் எலிக்கூண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவளை வேறு எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவளும் திருத்தவில்லை. திருத்துவதற்கு முதலில் யாராவது எதிரில் வந்து கூப்பிட்டாக வேண்டும். பின் கட்டிடத்துக்கு யாரும் வருவதில்லை. வாடை அடிக்கும் என்று ஒரு பேச்சு.

நிலையத்தின் மதிலோரம் ஒரு கொடி தானாக முளைத்துப் படர்ந்திருந்தது. தோட்டக்காரர் வெட்ட வெட்டத் தழைக்கும். அதன் இலையைத் தின்ற ஆடு ஒன்று, விரட்டியும் நகராமல் நின்ற இடத்திலேயே நின்றதைப் பார்த்துத்தான் எலிக்காரம்மாவின் கண் அதன்மேல் விழுந்தது. இலையை உலர்த்தி, அரைத்து, ஊறவைத்து, வடிகட்டி, கடைசியில் சிட்டிகையளவு வெள்ளைப் பொடியைப் பிரித்தெடுத்தாள். மூளையின் கொந்தளிப்பை அது அடக்குமா, வலிப்பைத் தடுக்குமா என்று எலிகளிடம் சோதித்துப் பார்ப்பது அவள் திட்டம்.

அவளுக்கு வலிப்பைப் பற்றிப் புத்தகத்தில் படிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது வீட்டிலேயே இருந்தது. அவளும் தம்பியும் மட்டும்தான் அந்த வீட்டில். தம்பி ஒரு காலத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவன். தண்ணீருக்குள் வைத்து முதல் வலிப்பு வந்தது. மாணவர்கள் இழுத்துக் கரையில் போட்டார்கள். அதற்குப் பிறகு அவனைக் குளத்துப் பக்கம் விடவில்லை. வீட்டுக் குளியலறைக் கதவுக்குக்கூடத் தாழ்ப்பாள் கிடையாது. குளிக்கும்போது ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பேச்சு நின்றால் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

மாத்திரைகள் வலிப்பைப் பெரும்பாலும் பிடித்து வைத்திருந்தன. கூடவே தம்பியையும் பிடித்து வைத்திருந்தன. காலையில் போட்டால் மதியம் வரை தூக்கம், மதியம் போட்டால் மறுபடியும் தூக்கம். மாலையில் இருவரும் சதுரங்கம் ஆட உட்கார்வார்கள். நாலு நகர்த்தலில் அவன் தலை சாயும். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவன் காய்களையும் தானே நகர்த்தி ஆட்டத்தை முடித்து, அவனை ஜெயிக்க வைத்துவிட்டு விளக்கை அணைப்பாள்.

சோதனையைத் தொடங்க விலங்கு நலக் குழுவின் அனுமதி வேண்டும். குழுவின் தலைவர் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"விலங்கு விஷயத்துல நாங்க ரொம்பக் கண்டிப்பும்மா. நான் தலைவரா இருக்கற இத்தனை வருஷத்துல இங்க ஒரு எலிக்குக்கூட சின்னக் கஷ்டம் வந்ததில்ல. ஏன்னா ஒரு ஆராய்ச்சிக்குக்கூட நான் கையெழுத்துப் போட்டதில்ல."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். அதன் பிறகு, எலியை எலி என்று சொல்லலாமா என்பதில் விவாதம் போயிற்று. 'பங்கேற்பாளர்' என்ற சொல்லை ஒருவர் முன்மொழிந்தார். பங்கேற்பாளர் என்றால் பயணப்படி கேட்பார்களே என்று கணக்குத் துறை எதிர்த்தது. கடைசியில் எலி எலியாகவே இருக்கட்டும், ஆனால் மரியாதையோடு நடத்தப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. ஊசி போடும் முன் ஒவ்வொரு முறையும் விலங்கு நல உறுதிமொழியை எலிகளின் முன்னால் நின்று, உச்சரிப்புச் சுத்தமாக, உரக்கப் படிக்க வேண்டும்.

எலிகளுக்குப் புரியாதே என்று அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"புரிஞ்சுக்கறது அவங்க பொறுப்பும்மா. படிக்கறது நம்ம பொறுப்பு" என்றார் தலைவர். இந்த வாக்கியம் அவருக்கே மிகவும் பிடித்துப்போய், கூட்ட நடவடிக்கையில் சேர்க்கச் சொன்னார். அந்த மகிழ்ச்சியில் கையெழுத்தும் போட்டுவிட்டார். வாழ்க்கையில் முதல் கையெழுத்து.

அவள் படிக்கத் தொடங்கினாள். முதலில் வெட்கமாக இருந்தது. ஆளில்லாத அறையில் எலிகளுக்கு முன்னால் விறைப்பாக நின்று, "உங்கள் நலனைக் கண்ணெனக் காப்போம்" என்று சொல்வதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகுதான், வேலைக்கு வந்ததிலிருந்து அன்றுவரை அந்தக் கட்டிடத்துக்குள் தன் குரலைத் தானே கேட்டதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. எலிகள் மீசையை ஆட்டிக்கொண்டு குரல் வந்த பக்கம் திரும்பின. உறுதிமொழி முடிந்த பிறகும் அவை திரும்பியே இருந்ததால், சும்மா விடுவது மரியாதையாகாது என்று இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினாள். வெளியே தூறுகிறது என்றாள். மறுநாள், பேருந்தில் ஒருத்தி தன் பையை மாற்றி எடுத்துப் போனதைச் சொன்னாள். அதற்கடுத்து, தம்பி காலையில் ஒரு கனவைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் தூங்கிப்போனதையும், மீதிக் கனவு என்னவாக இருக்கும் என்று தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததையும் சொன்னாள்.

கண்காணிப்பு அலுவலர் ஒருவர், வாடைக்குப் பயந்து சன்னலுக்கு வெளியே நின்றபடி, இதையெல்லாம் குறித்துக்கொண்டார். அங்கீகரிக்கப்பட்ட வாசகத்துக்கு வெளியே எலிகளோடு சொந்த விஷயம் பேசியது ஏன் என்று விளக்கம் கேட்டார்கள். பேச வேறு யாரும் இல்லை என்று அவள் உள்ளதைச் சொன்னாள். நிர்வாகம் பரிசீலித்தது. தனிமை ஓர் அலுவலகக் காரணமாகாது என்றும், இருந்தாலும் மனிதாபிமான அடிப்படையில், உணவு இடைவேளையில் மட்டும் எலிகளோடு சொந்த விஷயம் பேசிக்கொள்ளலாம் என்றும் பதில் வந்தது.

முதல் சோதனை நடந்தது. எலிகளுக்கு அந்தப் பொடியைக் கரைத்துக் கொடுத்தாள். கொஞ்சம் பொறுத்து, வலிப்பை வரவழைக்கும் இரசாயனத்தை ஊசியில் ஏற்றினாள். சாதாரணமாக அந்த ஊசிக்கு எலி வெட்டி வெட்டி இழுக்கும். அன்றைக்கு ஓர் எலிக்கும் இழுக்கவில்லை. அவள் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தச் சந்தோஷம் மூச்சு விடும் நேரம்தான் இருந்தது. ஓர் எலியைத் தொட்டாள். அசையவில்லை. காதருகே விரலைச் சொடுக்கினாள். அசையவில்லை. மெதுவாகச் சுழலும் உருளைமேல் தூக்கி வைத்தாள். தெளிந்த எலி அதன்மேல் நடந்துகொண்டே இருக்கும். இது ஈரத்துணி மாதிரி நழுவிக் கீழே பஞ்சில் விழுந்து, விழுந்த இடத்திலேயே தூக்கத்தைத் தொடர்ந்தது.

இவை குணமாகவில்லை, மயங்கிக் கிடக்கின்றன என்று அவளுக்குப் புரிந்தது. மருந்து அளவு அதிகம். இப்படி ஒன்றைத்தான் அவள் வீட்டில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் அவளை அறைக்கு அழைத்தார்.

"வலிப்பு வந்துச்சா, வரலையா?"

"வரல சார். ஆனா எதுவுமே வரல. தொட்டா எந்திரிக்கல. உருளை மேல வெச்சா விழுந்துடுது. இந்த அளவு..."

"வலிப்பு வரல. அது போதும். 'ஆனா'வுக்கு அப்புறம் இருக்கறதை விழா முடிஞ்சு பாத்துக்கலாம்."

விழாவுக்குக் குழு போட்டார்கள். மேடைக்கு ஒரு குழு, மாலைக்கு ஒரு குழு, எலிக்கு ஒரு குழு. வெல்வெட் மெத்தை போட்ட கண்ணாடிப் பெட்டியில் ஓர் எலியை மேடையில் வைப்பதென்றும், அதற்கு முன்கூட்டியே நல்ல அளவு மருந்து கொடுத்துவிடும்படியும் உத்தரவு வந்தது. மேடையில் பேசும்போது நடுவே அது ஓடிவிடக்கூடாது. பின்னணியில் கட்டிய துணியில் 'அசைக்க முடியாத சாதனை' என்று எழுதினார்கள். அவளும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று சொல்லப்பட்டது. நன்றி என்பதும் வணக்கம் என்பதும் அந்த இரண்டு வார்த்தைகள் என்பது குறிப்பால் உணர்த்தப்பட்டது.

தம்பி தானும் வருவதாகச் சொன்னான். அவன் எங்கேயும் போய் வெகு காலமாகியிருந்தது.

விழா நாளன்று காலையிலிருந்தே அவன் கலகலப்பாக இருந்தான். சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டான். பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தான். இந்தக் கட்டிடம் எப்போ வந்துச்சு, அந்த மரம் எங்கே போச்சு என்று கேட்டான். ஒருமுறைகூடக் கண் சொருகவில்லை. பழைய தம்பியைப் பார்த்த சந்தோஷத்தில், ஏன் என்று அவள் கேட்கவில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. வலிப்பு நோய்த் துறையின் பெரிய மனிதர்கள் எல்லோரும் முன்வரிசையில் இருந்தார்கள். தம்பி நடுவரிசை ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சிறப்பு விருந்தினர் கண்ணாடிப் பெட்டியைத் தட்டிப் பார்த்து, என்ன ஒழுக்கம் என்று வியந்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். இயக்குநர் பேசினார்.

"நான் இந்த நிலையத்துக்குப் பொறுப்பேத்த நாள்லேர்ந்து இங்க ஒரு சின்ன அசைவுகூட இருந்ததில்ல. எந்தக் கோப்பும் நகர்ந்ததில்ல, எந்த முடிவும் மாறினதில்ல. வெளியில இருக்கறவங்க இதைக் குறையாச் சொன்னாங்க. ஆனா அந்த அமைதிதான் இன்னிக்கு ஒரு மருந்தாவே வெளிய வந்திருக்கு. இந்த எலியைப் பாருங்க. இதுதான் நாங்க."

கைதட்டல் எழுந்தது. சிறப்பு விருந்தினர் அதற்குள் தூங்கியிருந்தார். மருந்து கொடுக்காமலே.

எலிக்காரம்மாவை அழைத்தார்கள். ஒலிபெருக்கி அவள் உயரத்துக்கு மேலே இருந்தது. அதை யாரும் தாழ்த்தவில்லை. அவள் முகத்தைத் தூக்கிப் பேசினாள். "எல்லாருக்கும் வணக்கம். இந்த எலிக்கு வலிப்பு வரலங்கறது நிஜம். ஆனா இது நல்லா ஆகல, தூங்குது. அளவைக் குறைச்சுப் பாக்கற வரைக்கும் இது மருந்துன்னு நாம சொல்ல முடியாது..."

முன்வரிசை நெளிந்தது. நடுவரிசையில் ஒரு நாற்காலி சரிந்தது.

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். தொண்டையிலிருந்து வரும் அந்த முதல் குரலும் தெரியும். மேடையிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. தம்பி தரையில் விறைத்துக் கிடந்து வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். வலிப்பைப் பற்றி ஆயுளெல்லாம் பேசியவர்களில் ஒருவர் காலைப் பிடித்து அழுத்தினார். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்ற வந்தார். விலங்கு நலக் குழுத் தலைவர் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டார்.

"யாரும் பிடிக்காதீங்க. தண்ணி குடுக்காதீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போதும்" என்றாள் அவள்.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "யாரும் பயப்பட வேண்டாம். இது நிகழ்ச்சி நிரல்ல இல்ல. தேநீர் வெளிய தயாரா இருக்கு" என்றார்.

அவர்கள் வெளியே போனார்கள். தள்ளி நிற்கச் சொன்னதை அவர்கள் அளவுக்கு யாரும் கடைப்பிடித்திருக்க முடியாது. அவள் நாற்காலிகளை ஒதுக்கி, கைப்பையைத் தம்பியின் தலைக்குக் கீழே வைத்து, இழுப்பு அடங்கும் வரை பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். அடங்கியதும் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயோரத்து நுரையைத் துடைத்தாள். பெரிய அரங்கம். காலி நாற்காலிகள். அணைக்க மறந்த ஒலிபெருக்கியின் இரைச்சல். மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் எலி தூங்கிக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே கோப்பைகள் உரசும் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டன. அவ்வளவு பேர் அவ்வளவு பக்கத்தில் இருந்தும், தான் இவ்வளவு ஒண்டியாக எப்போதாவது இருந்திருக்கிறோமா என்று நினைத்துப் பார்த்தாள்.

தம்பி மெல்லக் கண் திறந்தான். எங்கே இருக்கிறோம் என்று தேடினான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"பேசிட்டியாக்கா?"

"பேசிட்டேன்டா."

"நான் பாதிதான் கேட்டேன்." நாக்கு கடிபட்டிருந்ததால் குழறியது. "காலையில மாத்திரை போடல. போட்டா உன் முறை வர்றதுக்குள்ள தூங்கிடுவேன். இன்னிக்கு ஒரு நாள் முழிச்சிருந்து பாக்கணும்னு..."

அவள் திட்டவில்லை.  அவன் சட்டைக் காலரை நேராக்கிவிட்டாள்.

விழா அறிக்கையில், பார்வையாளர் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டதை அடுத்து நிகழ்ச்சி முன்கூட்டியே இனிதே நிறைவுற்றது என்று எழுதினார்கள்.

அவள் பின் கட்டிடத்துக்குத் திரும்பி மருந்தின் அளவைக் குறைத்தாள். பாதியாக்கினாள். எலிகள் தூங்கின. இன்னும் பாதியாக்கினாள். தள்ளாடின. இன்னும் குறைத்தாள். ஒரு மதியம், மருந்து உள்ளே போன எலிகள் மீசையைக் கழுவிக்கொண்டு, தவிட்டைக் கொறித்துக்கொண்டு, உருளைமேல் தடுமாறாமல் நடந்தன. ஊசி ஏற்றினாள். ஒன்றுக்கு மட்டும் இழுத்தது. மற்றவை அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன, முழித்தபடி. அவள் மறுபடி மறுபடி செய்து பார்த்தாள். மருந்தில்லாத எலிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். மாறவில்லை. தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது உணவு இடைவேளை இல்லை என்பதால் அவற்றிடம் எதுவும் சொல்லவில்லை.

இதை அவள் கூட்டத்தில் வைத்தாள். ஏற்கெனவே வெற்றி அறிவிக்கப்பட்ட ஒன்றை மீண்டும் வெற்றி பெறச் செய்ய விதியில் இடமில்லை என்று ஒருவர் எடுத்துக்காட்டினார். இயக்குநர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார்.

"தூங்கற எலியக் காட்டி விழா எடுத்தாச்சும்மா. இப்போ முழிச்சிருக்கற எலியக் காட்டினா, அப்போ அன்னிக்கு என்ன காட்டினீங்கன்னு கேப்பாங்க. மருந்து வேலை செய்யலன்னா சமாளிச்சுடலாம். வேலை செஞ்சா எப்படிச் சமாளிக்கறது?"

ஆராய்ச்சி முழு வெற்றியுடன் முடிந்துவிட்டதாக அறிவித்து அதை மூடினார்கள். பின் கட்டிடத்தைப் பூட்டினார்கள். எலிகளை என்ன செய்தார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் அது வேறு துறை என்றார்கள். அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்து முன் கட்டிடத்தில் ஆலோசகராக உட்கார வைத்தார்கள். சுழல் நாற்காலி, திரைச்சீலை, கதவில் பலகை. யாரும் ஆலோசனை கேட்கவில்லை. பேசலாம் என்று பார்த்தால் எதிரில் சுவர்தான் இருந்தது. பழைய வேலையே போதும், பதவியை இறக்கிவிடுங்கள் என்று கேட்டாள். இதுவரை யாரும் கேட்டிராததால் அதற்கு நடைமுறை இல்லை என்றார்கள்.

வீட்டில் தம்பி ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான். "அந்தப் பொடியை எனக்கே குடேன்க்கா. யாருக்குத் தெரியப்போவுது?"

"எலிக்குச் சரியானது மனுஷனுக்குச் சரியாகணும்னு இல்லடா. ஈரலைக் கெடுக்கலாம். இதயத்தைக் கெடுக்கலாம்."

"பரவால்ல."

"உனக்குப் பரவால்ல. நீ இல்லாமப் போனா நான் யார்கிட்ட பேசுவேன்?"

அவன் சோற்றைப் பிசைந்தபடியே கண் சொருகிப்போனான். அவள் தட்டை எடுத்து வைத்தாள்.

மறுநாள் ஆலோசகர் பதவியை விட்டு விலகினாள். கூடப் படித்த ஒருத்தி, கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாய்களுக்கும் வலிப்பு வரும். மாத்திரைக்குக் கட்டுப்படாத நாய்கள் அங்கே வருவதுண்டு. அங்கேயும் ஒரு குழு இருந்தது. அது கேட்ட முதல் கேள்வி மருந்தின் அளவைப் பற்றியது. எலிக்காரம்மா அந்தக் கேள்வியை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். எலிகளைத் தாண்டி மற்ற விலங்குகளுக்கும் அந்தப் பொடி நஞ்சில்லை என்று பார்த்து முடிக்கவே வெகு காலம் பிடித்தது. பொடி செய்யும் முறையை நிலையமே விழா மலரில் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்திருந்தது. ஒருவரும் படிக்கவில்லை என்பதால் அது இரகசியமாகவே இருந்தது. கொடியும், தோட்டக்காரர் வெட்டி மதிலுக்கு வெளியே வீசியதில், தெருவோரத்தில் தாராளமாகத் தழைத்துக் கிடந்தது.

முதலில் வந்தது ஒரு தையற்காரரின் பழுப்பு நாய். எந்த மாத்திரைக்கும் அடங்காமல், பெரும்பாலும் வெயில் சாயும் நேரத்தில் அதற்கு இழுக்கும். தையற்காரர் எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சரி பார்ப்போம், இதுக்கு மேல என்ன இருக்கு என்று விட்டுப் போனார். தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்து பார்ப்பார். இங்கே யாரும் ஆட்சேபிக்காததால், தம்பியை வீட்டில் தனியே விடாமல் எலிக்காரம்மா அவனையும் கூட்டிக்கொண்டு வருவாள். அவன் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நாயைப் பார்த்துக்கொள்வான். இழுப்பு வந்தால் தலையில் அடிபடாமல் இருக்க என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இழுப்பு குறைந்துகொண்டு வந்தது. பிறகு ஒரு நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. இடையில் ஒருமுறை வந்து பயமுறுத்திவிட்டு மறுபடி நின்றது. ஒரு நாயை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சந்தோஷப்பட அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு மாலை, தோழி எங்கோ ஒரு மாட்டைப் பார்க்கப் போயிருந்தாள். வெயில் தாழ்வாரத்தைத் தாண்டிச் சுவரில் ஏறியது. நாய் எழுந்து சோம்பல் முறித்தது. தண்ணீர் குடித்தது. தாழ்வாரத்தின் கடைசி வரை நேராக நடந்துபோய், நேராகத் திரும்பி வந்தது. ஓர் ஈயைக் கடிக்கப் பார்த்துத் தவறவிட்டது. பிறகு உட்கார்ந்து, தையற்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு காதைத் தூக்கி வைத்துக்கொண்டது. வெயில் சுவரை விட்டு இறங்கிப் போயிற்று. இழுப்பு வரும் நேரம் இழுப்பில்லாமல் கடந்துவிட்டது. பல வாரங்களாக அது கடந்துகொண்டேதான் இருக்கிறது என்பதை அவள் அப்போதுதான் தனக்கு ஒப்புக்கொண்டாள்.

சொல்வதற்காகத் திரும்பினாள். தம்பி பெஞ்சில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி, தூங்கிக்கொண்டிருந்தான். மதிய மாத்திரை. தாழ்வாரத்தில் வேறு யாரும் இல்லை.

எழுப்பலாமா என்று யோசித்தாள். எழுப்பவில்லை. அவன் தலை சரிந்துகொண்டிருந்த பக்கம் போய் உட்கார்ந்து தோளைக் கொடுத்தாள். நாய் ஒருமுறை திரும்பி அவர்கள் இருவரையும் பார்த்துவிட்டு, மறுபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.